ஆற்றங்கரை வளைகளில் கூடமைக்கும் பறவைகள்

ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் செங்குத்தான மண்கரைகளில் வளை தோண்டி, அதன் உட்கோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் பல உள்ளன. தென்னிந்தியாவில் மீன்கொத்திகளும் பஞ்சுருட்டான்களும் இவற்றுள் முதன்மையானவை. வளையின் வாயை மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்வது கடினம். வளையின் இடம், எண்ணிக்கை, வாயிலில் உள்ள தடயங்கள், வந்துபோகும் பறவை ஆகிய அனைத்தையும் சேர்த்தே இனங்காண வேண்டும்.

வளையின் அமைப்பு

ஆணும் பெண்ணும் சேர்ந்து வளை தோண்டுகின்றன. அலகால் மண்ணைக் குத்திப் பெயர்த்து, கால்களால் வெளியே தள்ளுகின்றன. சுரங்கத்தின் முடிவில் சற்று அகன்ற அறை ஒன்று இருக்கும். புல், நார் முதலியவற்றைப் பரப்புவதில்லை. முட்டைகள் வெண்ணிறமாகவும் ஏறத்தாழ உருண்டையாகவும் இருக்கும். இருளில் மறைந்திருப்பதால் அவற்றிற்குப் புள்ளிகளோ மறைப்பு நிறமோ தேவைப்படுவதில்லை.

தடயங்கள்

* வாயிலின் அடியில் இரு இணையான சிறு பள்ளங்கள் காணப்பட்டால், அவை உள்ளே செல்லும் பறவையின் கால்கள் பதிந்த தடங்களாகும்.
* வெண்ணிற எச்சம் வழிந்து மீன் வாடை வீசினால், அது மீன் உண்ணும் மீன்கொத்தியின் வளையாகும்.
* வாயிலைச் சிலந்தி வலை மூடியிருந்தால், அவ்வளை பயன்பாட்டில் இல்லை எனக் கொள்ளலாம்.
* நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக உள்ள துளைகள் பெரும்பாலும் நண்டு வளைகளே.

முக்கிய இனங்கள்

'''சிரால் மீன்கொத்தி:''' ஏறத்தாழ 16 செ.மீ. நீளமுடையது. மேற்புறம் ஒளிரும் நீலம், அடிப்புறம் செம்பழுப்பு. ஆணின் அலகு கருமையானது. பெண்ணின் கீழலகு சிவந்திருக்கும். தனி வளை அமைக்கும்.

'''வெண்தொண்டை மீன்கொத்தி:''' ஏறத்தாழ 28 செ.மீ. நீளமுடையது. தலை அடர்பழுப்பு, தொண்டையும் மார்பும் வெண்மை, அலகு பெரியது, சிவப்பு நிறமானது. பூச்சி, ஓணான், தவளை ஆகியவற்றையும் உண்பதால் நீரிலிருந்து விலகி, சாலையோர மண்வெட்டுகளிலும் வளை அமைக்கும்.

'''கருப்பு வெள்ளை மீன்கொத்தி:''' நீர்ப்பரப்பின் மேல் சிறகடித்தபடி ஓரிடத்தில் நின்று, பின் செங்குத்தாகப் பாயும். ஆணின் மார்பில் இரு கரும்பட்டைகளும் பெண்ணின் மார்பில் ஒன்றும் உண்டு.

'''பச்சைப் பஞ்சுருட்டான்:''' மெலிந்த உடல், வளைந்த அலகு, வாலின் நடுவில் நீண்ட இரு இறகுகள். மணற்பாங்கான கரைகளில் மட்டுமன்றிச் சமதரையிலும் வளை தோண்டும்.

'''நீலவால் பஞ்சுருட்டான்:''' பச்சைப் பஞ்சுருட்டானைவிடப் பெரியது, வால் நீலமானது. ஒரே கரையில் பல இணைகள் நெருக்கமாக வளை அமைக்கும். கர்நாடகத்தில் சீரங்கப்பட்டணம் அருகே காவிரிக்கரையில் இத்தகைய கூட்டங்கள் காணப்படுகின்றன.

நோக்கும் முறை

வளையினுள் கையையோ குச்சியையோ நுழைத்தல் கூடாது. சுரங்கம் இடிந்து குஞ்சுகள் புதையக்கூடும். பார்வையே கூட இடையூறாகலாம். தன் வளையைக் காணக்கூடிய இடத்தில் மனிதர் இருந்தால் பச்சைப் பஞ்சுருட்டான் உள்ளே செல்லத் தயங்குகிறது என்பதை மிலிந்த் வாட்வே குழுவினர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பறவை அலகில் இரையுடன் கிளையிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தால், உள்ளே குஞ்சுகள் பசியுடன் காத்திருக்கக்கூடும். அந்நிலையில் நோக்குபவர் மேலும் விலகிச் செல்லவேண்டும்.

பாதுகாப்பு

செங்குத்தான கரையில் கீரி முதலியன எளிதில் ஏற இயலாது. இதனாலேயே இப்பறவைகள் அத்தகைய கரைகளை நாடுகின்றன. மணல், மண் அகழ்வும் கரைகளுக்குக் கற்காரைச் சுவர் எழுப்புதலும் இவ்விடங்களை அழிக்கின்றன. கூட்டமாக வளை அமைக்கும் இனங்களில், ஒரு கரை சரிந்தால் பல இணைகளின் குஞ்சுகள் ஒருங்கே மடியும். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துதலையும் கூடுகளைக் குலைத்தலையும் வேட்டையாடுதல் என்பதனுள் அடக்குகிறது. ஆகவே மார்ச்சு முதல் சூன் வரையான காலத்தில் கரையில் மண் எடுக்குமுன், வளைகள் பயன்பாட்டில் உள்ளனவா என்று அறிதல் இன்றியமையாதது.