காட்டு வான்கோழி மீண்ட வரலாறு

வட அமெரிக்கக் காடுகளில் நிறைந்திருந்த காட்டு வான்கோழி, வரம்பற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகவும் அருகிப்போயிற்று. அதனை மீட்க விரும்பிய அமெரிக்க மாநிலங்கள், பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தன. பல்லாண்டு முயன்றும் பயனில்லை. தாயின் பின்சென்று இரைதேடவும் பகையறியவும் கல்லாத அப்பறவைகள் காட்டில் நிலைக்கவில்லை.

1937ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிற்று. 1951இல் தென் கரோலினாவில், வெடிமருந்தின் விசையால் பாயும் வலைகொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்தனர். அவ்வாறு பிடித்தவற்றை வேறு காடுகளில் குடியேற்றவே, அவை பல்கிப் பெருகின.

இன்று இளவேனிற்கால வேட்டையில் பெரும்பாலும் சேவல்களையே சுடலாம். பேடைகள் அடைகாக்க விடப்படுகின்றன. வேட்டைக்காரர் மறைந்திருந்து பேடையைப்போல் குரலெழுப்பிச் சேவலை அழைப்பர். அக்குரலைக் கேட்டு வந்த மற்றொரு வேட்டைக்காரர், அழைத்தவரையே பறவையென எண்ணிச் சுட்ட விபத்துகளும் உண்டு. ஆகவே, சேவலின் தலையில் தோன்றும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை அணியலாகாது என வேட்டைக்காரர்க்குக் கற்பிக்கின்றனர்.

கட்டற்ற வேட்டையால் அழியவிருந்த பறவை, கட்டுப்பாடுள்ள வேட்டையால் வாழ்கின்றது. பண்ணைத் தீனி தர இயலாத கல்வியைத் தாய்க்கோழி தந்தது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.