மாநாடு நடத்த ஆசையா? சிறு மானியம் கேட்பது எப்படி?

"ஐடியா இருக்கு, ஆள் இருக்கு, காசுதான் இல்ல." மாணவர் மன்றக் கூட்டங்களில் நீங்களும் இதைக் கேட்டிருக்கலாம்.

அரைநாள் கருத்தரங்குக்குப் பெரிய நன்கொடையாளர் தேவையில்லை. சில ஆயிரம் வெள்ளி போதும். அதைக் கேட்கச் சிங்கப்பூரில் இடங்கள் உண்டு.

சின்னக் கூட்டம்தானே, எதற்கு?

1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு நடந்தது. முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழை எப்படிக் கொண்டுவருவது என்பதே பேச்சு. தமிழ் இணைய மாநாடுகள் அதன் வழியில் வளர்ந்தன. 2000இல் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் நடந்தபோது 'உத்தமம்' அமைப்பு உருவானது.

யாரிடம் கேட்கலாம்?

* தேசிய இளையர் மன்றம்: 'யங் சேஞ்ச்மேக்கர்ஸ்' மானியம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களின் சமூகத் திட்டங்களுக்கானது. 5,000 வெள்ளி வரை கேட்கலாம்.

* வளர்தமிழ் இயக்கம்: 2007 முதல் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை நடத்துகிறது. அமைப்புகள் தங்கள் நிகழ்ச்சிகளோடு அதில் பங்கெடுக்கின்றன. மார்ச்சில் போய்க் கேட்டால் லேட். முந்தைய ஆண்டிலேயே விசாரியுங்கள்.

* தேசிய மரபுடைமைக் கழகம்: தேக்காவின் பழைய கடைகள், முன்னோடிகளின் நினைவுகள் போன்ற மரபுடைமைத் தலைப்பு என்றால் இங்கே பாருங்கள்.

* உங்கள் பல்கலைக்கழகம்: துறையும் மாணவர் அலுவலகமும் அரங்கை இலவசமாகத் தந்தாலே பெரிய செலவு மிச்சம். வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படைக்கப் போகிறவர்களும் முதலில் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

தொகையும் விதிகளும் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த இணையத்தளத்தைப் பாருங்கள்.

என்ன எழுதுவது?

"தமிழை வளர்ப்பதே நோக்கம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. யார் வருவார்கள், எத்தனை பேர், வந்தவர்கள் என்ன எடுத்துப் போவார்கள் என்று சொல்லுங்கள். "60 தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு வாய்மொழி வரலாற்றுப் பேட்டி எடுக்கக் கற்றுக்கொள்வார்கள்" என்பது நல்ல வரி. நிகழ்ச்சி முடிந்தபின் அது நடந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்க முடியும்.

கணக்கு எப்படி?

80 பேருக்குச் சாப்பாடு, தலைக்கு 8 வெள்ளி: 640. சென்னையிலிருந்து ஒரு பேச்சாளருக்கு விமானச் சீட்டு: 600. அச்சு, ஒளிப்பதிவு: 360. மொத்தம் 1,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மானியம் பாதியை ஏற்றால் மீதி 800 எங்கிருந்து வரும் என்பதையும் படிவத்தில் காட்ட வேண்டும். சிராங்கூன் சாலைக் கடைக்காரரிடம் விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். "அண்ணன் கம்மியா போட்டுத் தருவார்" என்பது கணக்கில் நிற்காது.

கவனிக்க வேண்டியது

பல மானியங்களில் முழுப் பணமும் முன்கூட்டியே கைக்கு வராது. நிகழ்ச்சி முடிந்து, ரசீதும் அறிக்கையும் கொடுத்த பிறகுதான் மீதி கிடைக்கும். அதுவரை யாருடைய சேமிப்பு மாட்டிக்கொள்ளும்? பெரும்பாலும் பொருளாளராக இருக்கும் மாணவருடையது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே குழுவில் பேசி முடிவெடுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் செய்த செலவு ஏற்கப்படாமல் போகலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பேச்சாளர் வருகிறாரா? இனம், சமூகம், சமயம் தொடர்பான கருத்தரங்கில் பேச 'மிசலேனியஸ் வொர்க் பாஸ்' தேவைப்படலாம். மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

கிடைக்கவில்லை என்றால்?

காரணம் கேளுங்கள், தப்பில்லை. 80 பேரை 40 ஆக்கி, பேச்சாளரை ஸூமில் அழைத்தால் அதே 1,600 வெள்ளி நிகழ்ச்சி 700 வெள்ளிக்குள் முடியலாம். அதை ஒழுங்காக நடத்தி, படமும் வருகைப் பதிவும் வைத்திருங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அவையே சான்று.