புகைப்பவருக்கு ஆகாத வைட்டமின்

கேரட், கீரை நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் சொல்லி வந்தன. அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகவே கொடுத்தால் என்ன?

1985-இல் பின்லாந்தில் தொடங்கிய சோதனையில் 29,133 ஆண்கள் சேர்ந்தார்கள். 50 முதல் 69 வயதுவரையிலான அவர்கள் அனைவருமே புகைப்பவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே திகைத்தது. அதை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதல்!

தற்செயலோ என்று ஐயப்படலாம். ஆனால் அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. அங்கே 18,314 பேர்: புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களிடம் 28 விழுக்காடு கூடியது. 1996 ஜனவரியில், 21 மாதம் முன்னதாகவே மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள்.

கேரட்டின்மீது பழி போடாதீர்கள். சோதிக்கப்பட்டது, வழக்கமான உணவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு.