மணப்பந்தலும் மன்னன் வரியும்

குடும்ப வாழ்வில் அரசாங்கம் எதுவரை பிரவேசிக்கலாம், அங்கிருந்து எவ்வளவு பொருளை வரியென்று எடுத்துக்கொள்ளலாம் என்னும் விவாதம் மேல்நாட்டுச் சாஸ்திரங்களோடு கப்பலேறி நம்மிடம் வந்தது என்று கருதுவோர், முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானம் செய்ததைக் கூறும் லெய்டன் செப்பேட்டைப் பார்ப்பது நலம். வண்ணான் துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை, குயவனுக்குக் குசக்காணம், தறிக்குத் தறிப்புடவை, பொற்கொல்லனுக்குத் தட்டாரப்பாட்டம், இடையனுக்கு இடைப்பாட்டம் என்று ஊரார் கைத்தொழிலையெல்லாம் தொட்டுச் செல்லும் அந்த வரிப் பட்டியலில், கல்யாணத்திற்கென்று கண்ணாலக்காணமும் இடம்பெற்றிருக்கிறது. இது சோழர் கண்டுபிடித்த வரியுமல்ல. பல்லவர் செப்பேடுகளிலேயே வந்துவிட்ட பழைய வரிதான்.

அரசன் இவ்வரிகளை விட்டுக்கொடுத்தான் என்றால் குடிகள் அவற்றினின்று விடுதலை பெற்றார்கள் என்று அவசரப்பட்டு மகிழ வேண்டுவதில்லை. அரசனுக்குரிய வருவாய் தானம் பெற்றவருக்குரியதாயிற்று என்பதே இத்தகைய சாசனங்களின் பொதுவான கருத்தாதலால், ஆனைமங்கலத்தில் நடந்த கல்யாணங்களின் காணம், இல்லறத்தையே துறந்த பௌத்த பிக்ஷுக்களின் மடத்தைச் சேர்ந்திருக்கும். இந்த விநோதத்தை அக்காலத்தவர் எவரும் விநோதமாக எண்ணியதாகத் தோன்றவில்லை.

இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. காணம் வாங்கிய மன்னன், மணமகளுக்கு வயது என்ன, சீர் எவ்வளவு, எந்த முறைப்படி தாலி கட்டினார்கள் என்றெல்லாம் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஓடத்துறையில் கூலி வாங்குபவன் ஏறியவர் எந்த ஊருக்குப் போகிறார் என்று கேளாததுபோல, அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு, விவாக நெறியைக் குலத்தாரிடமும் சபையாரிடமும் விட்டுவிட்டான். விஜயநகர காலத்திலும் கல்யாண வரி தொடர்ந்தது. கிருஷ்ணதேவராயர் அதை நீக்கிய செய்தியைச் சரித்திராசிரியர்கள் அவருடைய நற்செயல்களுள் ஒன்றாகவே எழுதுகிறார்கள்.

நெறியை வகுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை, வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் இரண்டாம் தேவராயர் காலத்தில், சகம் 1347-இல், அதாவது கி.பி. 1425-26-இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு தெளிவாகக் காட்டுகிறது. படைவீட்டு இராஜ்யத்து அந்தணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட தேசத்தார்) என்ற பேதமின்றிச் சகல கோத்திரத்தாரும் சூத்திரத்தாரும் கூடி, இனிமேல் விவாகங்களைக் கன்யாதானமாகவே செய்வதென்றும், பொன் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்தவரும் பொன் கொடுத்துப் பெண்ணைக் கொண்டவரும் ஆகிய இருசாராரும் இராஜ தண்டனைக்கு உட்பட்டுப் பிராமண சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர் என்றும் தம்முள் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். அரசன் இச்சட்டத்தை இயற்றவில்லை. இயற்றியவர்கள் அவனுடைய செங்கோலைக் காவலுக்கு அழைத்தார்கள், அவ்வளவுதான். அப்பெண்களின் சம்மதத்தை எவரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை; சமூக விலக்கு என்பது சிறையினும் கொடிய தண்டனை. ஆதலால் இதைப் பொற்காலத்தின் சின்னமென்று நான் கொண்டாட மாட்டேன்.

அதே தேவராயர் ஆட்சியில், 1429-இல், காவிரி நாட்டில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதியாரும் தம் நெடுநாட் பகையை மறந்து ஒன்றுகூடி, அதிகாரிகளும் நில உடைமையாளரும் செய்த வரிக் கொடுமையைத் தாங்க முடியாமல், இன்னின்ன வரிதான் கொடுப்போம் என்று தாமே வரையறுத்ததை ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்களின் கல்வெட்டுகள் கூறுகின்றன. குடும்ப நெறியைத் தாமே வகுத்தவர்களும் வரியளவைத் தாமே நிர்ணயித்தவர்களும் வெவ்வேறு மக்கள். ஆயினும் இரண்டிலும் அரசனுக்கு எல்லை கட்டியவர்கள் குடிகளே.

நம் காலத்தில் இந்த நிலை தலைகீழாயிற்று. 1930 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விவாக வயதை விதித்தபோது, மதத்தில் சர்க்கார் கைவைக்கலாமா என்று வைதிகர் எழுப்பிய கூக்குரல் சிறிதன்று. எனினும் குழந்தைகளின் பொருட்டு அந்தக் கையை வைத்தது நியாயமே. கல்யாணத்திற்குக் காணம் கேளாத அரசு, கல்யாணத்தின் நெறியைத் தானே எழுதத் தொடங்கியது.

1961-இல் வந்த வரதட்சிணைத் தடைச் சட்டமும், விரிஞ்சிபுரத்தார் போலவே, கொடுப்பவர் வாங்குபவர் இருவரையும் குற்றவாளிகளாக்கி, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று விதித்தது. ஆனால் படைவீட்டார் தடுக்க முயன்றது பெண் வீட்டிற்குப் போன பொன்னை. 1961-இன் சட்டம் தடுக்க வேண்டியிருந்ததோ, பெரும்பாலும் பெண் வீட்டிலிருந்து புறப்பட்ட பொன்னை.