போதுமான கணினி: தென்காசி வீடுகளுக்கு மடிக்கணினி வந்த வரலாறு

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாள்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடைபெறுகிறது. அந்த வாரங்களில் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும்: பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்குவது? சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்காக அந்தக் கேள்வி என்னிடமும் வந்தது. அவள் படிக்கப்போவது வணிகவியல். கடைக்காரர் காட்டியதோ விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்யப்பட்ட, இரண்டரைக் கிலோ எடையுள்ள, எழுபதாயிரம் ரூபாய் இயந்திரம். கையில் பணம் இல்லாவிட்டால் தவணையில் கட்டலாம் என்றார். அந்தத் தவணையில் வட்டி இருந்தது. வட்டியை விலக்கி வாழும் குடும்பத்திற்கு, கையில் இருக்கும் ரொக்கத்திற்குள் அடங்கும் விலை என்பது வெறும் விருப்பம் அன்று, அதுவே எல்லை.

அந்த எல்லைக்குள் ஒரு நல்ல கணினி அடங்குமா? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் பலர் விடை தேடிய கேள்வி இது. அவர்கள் வென்ற இடங்களும் தவறிய இடங்களும் இன்று கடைக்குச் செல்லும் நமக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 என்னும் கணினியைத் தூக்கிச் செல்லலாம் என்றே விளம்பரம் செய்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ! மடியில் வைத்து உண்மையாகவே வேலை செய்யக்கூடிய கருவியாகப் பெயர் பெற்றது 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் செய்து, அமெரிக்காவில் ரேடியோ ஷேக் கடைகளில் விற்கப்பட்டது. அதன் திரையில் எட்டு வரிகள் மட்டுமே தெரியும். வரிக்கு நாற்பது எழுத்து. ஆயினும் அதன் விசைப்பலகை முழு அளவில் இருந்தது. டார்ச் விளக்குக்குப் போடும் சிறிய பேட்டரி நான்கைப் போட்டால் நாள் முழுவதும் ஓடியது. நாளிதழ் நிருபர்கள் செய்தியை எங்கிருந்தாவது தட்டச்சு செய்து, தொலைபேசிக் கம்பி வழியாகவே அலுவலகத்துக்கு அனுப்பினர். எழுதுவோருக்கு வேண்டியவை எவை என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது: நல்ல விசை, நீடிக்கும் மின்கலம், குறைந்த எடை. வேகம் இந்தப் பட்டியலில் பின்னால்தான் வந்தது.

நம் பகுதிக்கு மடிக்கணினி முதலில் வந்தது கடைகளின் வழியாக அன்று, பயணப் பெட்டிகளின் வழியாக. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூரில் குடியேறியவர்கள். பின்னர் வளைகுடா வந்தது. அங்கிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கணினிகளின் மின்செருகி நம் சுவர்த் துளையில் நுழையாது. அதற்கென ஒரு மாற்றுச் செருகி தேடி அலைவார்கள். வளைகுடாவில் வாங்கியவற்றில் ஆங்கில எழுத்துக்கு அருகே அரபு எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். பயன்படுத்திய அண்ணன்மார் அதைத் தொல்லையாகக் கருதினார்கள். மதரஸா வினாத்தாள் அடிக்கும் ஆலிம்களோ அந்தக் கணினியைத்தான் தேடி வாங்கினார்கள்.

ஏழைகளுக்கான கணினி என்ற எண்ணம் நம் நாட்டிலேயே முளைத்ததுண்டு. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001இல் உலகின் கவனத்தைப் பெற்றது. கையடக்கமான அது இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்தும் காட்டியது. அட்டை ஒன்றைச் செருகினால் ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம். நல்ல நோக்கமும் நல்ல அறிவும் இருந்தும் அது பரவவில்லை. அடுத்து 2005இல் நிக்கலஸ் நெக்ரோபான்டி 100 டாலர் மடிக்கணினியை அறிவித்தார். 2007இல் உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. இந்திய அரசு 2006இலேயே அத்திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. என் கருத்தில், அந்தப் பச்சை வெள்ளை நிறக் கணினியை வெறும் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, ஈரமும் தூசியும் புகாத ரப்பர் விசைப்பலகை, மிகக் குறைந்த மின்செலவு ஆகியவற்றை அது மலிவான கருவியிலும் சாத்தியம் என்று காட்டியது. சாரல் மாதங்களில் பீரோவுக்குள் வைத்த துணியே பூசணம் பிடிக்கும் நம் ஊரில் அந்த விசைப்பலகையின் அருமை எளிதில் விளங்கும்.

அது தந்த தூண்டுதலில் தைவானின் அசூஸ் நிறுவனம் 2007 அக்டோபரில் ஈ பிசி 701ஐ வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. பெரிய நிறுவனங்கள் யாவும் பின்தொடர, ‘நெட்புக்’ என்னும் இனமே பிறந்தது. பின்பு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. திரை பத்து அங்குலமானது. விண்டோஸ் ஏற்றப்பட்டது. அந்த விண்டோஸைச் சுமக்கும் வலு சிறிய செயலிக்கு இல்லை. பெரிய கணினியைப் போலத் தோன்ற முயன்று, சிறிய கணினியின் நன்மையையும் அது இழந்தது. 2012 முடிவதற்குள் அந்த இனத்தின் காலமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இங்கே தமிழ்நாட்டின் கதை குறுக்கிடுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களும் அதில் அடங்குவர். முதல் ஆண்டு இலக்கு 9.12 லட்சம் மாணவர்கள். ஒதுக்கீடு 912 கோடி ரூபாய். கொள்முதல் எல்காட் வழியாக நடந்தது. சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5 அன்று, தில்லியில் மத்திய அரசு ஆகாஷ் என்னும் மலிவுக் கைக்கணினியை வெளியிட்டது. இரண்டும் மாணவர்களுக்காகவே வந்தவை. ஆகாஷ் விலையைக் குறைப்பதையே இலக்காகக் கொண்டது. விசைப்பலகை இல்லை, தொடுதிரையும் மந்தம். தமிழ்நாடு அரசு கொடுத்ததோ 14 அங்குலத் திரையும் முழு விசைப்பலகையும் கொண்ட சாதாரண மடிக்கணினி. ஆகாஷை இன்று யார் வீட்டிலும் காண முடியவில்லை.

இலவசக் கணினியைப் பழித்தவர்கள் அன்று பலர். விற்றுவிடுவார்கள், படம் பார்ப்பார்கள் என்றார்கள். விற்றவர்களும் உண்டு, படம் பார்த்தவர்களும் உண்டு. ஆயினும் நம் சமுதாயத்தில் அது செய்த ஒரு வேலையை யாரும் போதிய அளவு எழுதவில்லை. அதுவரை ஒரு பெண் பிள்ளை விண்ணப்பம் ஒன்றை நிரப்ப வேண்டுமானால் பிரவுசிங் சென்டருக்குச் செல்ல வேண்டும். அதற்கு அண்ணனோ தம்பியோ துணைக்கு வர வேண்டும். மூடியில் அரசு முத்திரையுடன் வந்த அந்தக் கணினி அவள் பெயருக்கே வந்தது, வீட்டுக்குள் வந்தது. உதவித்தொகை விண்ணப்பமும், வெளிநாட்டிலிருக்கும் தந்தையின் முகத்தைத் திரையில் பார்ப்பதும், பள்ளிவாசல் ஜமாஅத்தின் சந்தாக் கணக்கும் அதிலேயே நடந்தன. பல வீடுகளில் குடும்பத்தின் முதல் கணினி மகளுடையதாக இருந்தது.

அதே 2011இல் வேறு இரண்டும் நிகழ்ந்தன. ஜூன் மாதம் கூகுளின் குரோம்புக் விற்பனைக்கு வந்தது. உலாவி ஒன்றே போதும் என்ற எண்ணத்தில் பிறந்த கணினி அது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் ஒரு சிறிய அலுவலகத்தைத் திறந்தது. அந்த நிறுவனத்தின் எழுதுசெயலி 2005இலிருந்தே உலாவிக்குள் இயங்கிவந்தது. கணக்கும் கடிதமும் வேறெங்கோ உள்ள வழங்கியில் நடக்குமானால், மடியில் இருக்கும் கருவி சிறியதாக இருக்கலாம். 2023இல் ஜியோ நிறுவனம் 16,499 ரூபாய்க்கு 990 கிராம் எடையுள்ள ஜியோபுக்கை விற்க முடிந்ததும் இதனால்தான்.

அப்படியானால் மலிவானதையே வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம், சகோதரர்களே. 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு. அந்த அளவோடு விற்கப்படும் கணினி வாங்கிய அன்றே மூச்சு வாங்கும். நெட்புக் செய்த அதே தவறு இது. விண்டோஸில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தால் எழுத்து, கணக்கு, காணொளி வகுப்பு யாவும் நிம்மதியாக நடக்கும். குரோம்புக் என்றால் 4 ஜிபியும் சமாளிக்கும். ஆனால் வணிகவியல் மாணவிக்குத் தேவையான டேலி அதில் நேரடியாக ஏறாது. பெட்டியின் மேல் அச்சிடப்படாத ஒன்றையும் கேட்க வேண்டும்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று, 11க்கு மாற இயலாத பழைய கணினியை வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும். கூகுள் 2023இல் குரோம்புக் மாதிரிகளுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பை அறிவித்தது; அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாதிரிக்கான தளம் வெளியான நாளிலிருந்தே எண்ணப்படும்.

2025ஆம் ஆண்டு வரவுசெலவு அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாக அறிவித்தது. மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் முதலாவதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தங்கை மகளுக்கு, அலுவலகங்கள் பயன்படுத்தி விற்ற, பழுதுநீக்கி ஓராண்டு உத்தரவாதத்துடன் வந்த 14 அங்குலக் கணினி ஒன்றை வாங்கினோம். ஒன்றரைக் கிலோ எடை, 8 ஜிபி, விண்டோஸ் 11. விலை, கடைக்காரர் காட்டியதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது, ரொக்கமாகவே கொடுத்தோம். அவளுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசுக் கணினியை எறியவில்லை. அதில் எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் ஏற்றித் தெரு மதரஸாவுக்குக் கொடுத்துவிட்டாள். தமிழ் 99 விசைப்பலகையும் அரபு விசைப்பலகையும் அதில் இருக்கின்றன. மின்கலம் செத்துவிட்டதால் சுவரோடு இணைத்தே வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் வினாத்தாள் அன்று தாமதமாகும்.