இன்டர்கூலருக்கு வந்த தூறல்

காயலான் கடையில் வாங்கிய வைப்பர் தண்ணீர் மோட்டார், அதோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா, நர்சரியில் கிடைக்கும் தூறல் நாசில் இரண்டு, ஒரு ரிலே, டாஷ்போர்டில் ஒரு பட்டன். இவற்றைக் கோத்து டர்போ காரின் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிப்பதை உலகெங்கும் கார் பித்தர்கள் வீட்டு ஷெட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடினால் ஒற்றைப் பெயர் அகப்படாது. அகப்படுவது ஒரு முகலாயப் பேரரசர், பருத்திப் புழுவோடு மல்லுக்கட்டிய அமெரிக்கர்கள், திராட்சைத் திருடர்கள், ஒரு மலையுச்சி.

30 டிகிரியில் நுழையும் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. என்ஜினுக்குள் எரிபொருள் நேரம் தவறித் தானே வெடிக்கும் நாக்கிங்கையும் கிளப்பும். அதைத் தணிக்க வந்த இன்டர்கூலரோ எதிர்க்காற்றை நம்பி வாழ்வது. மலைப்பாதையில் மெல்ல ஏறும்போது அதுவே சூடேறித் தத்தளிக்கிறது.

சூடான காற்றின் வழியில் ஈரத்தை வைப்பது பழைய யோசனை. வெட்டிவேரால் அறை கட்டி, அதில் நீர் தெளித்து, அக்பர் கோடையைக் குளிராக்கியதை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் பதிவு செய்தார். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் வெட்டிவேர்த் தட்டியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மரப்பெட்டியும் கையால் சுற்றும் விசிறியும் சேர்த்து அதற்குத் 'தெர்மான்டிடோட்' என்று பெயரிட்டார்கள். ஈரமான பரப்பும் அதன் ஊடே விசையோடு செல்லும் காற்றும் கார் பிறக்கும் முன்பே ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டன.

இதன் ரகசியத்தை அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக். ஆவியாகும் நீர், வெப்பமானி ஏறாமலேயே ஏராளமான வெப்பத்தை விழுங்குவதை 1760களில் கிளாஸ்கோவில் அவர் காட்டினார். இன்றைய கணக்கில், ஒரு லிட்டர் நீரை 30இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 125 கிலோஜூல் போதும். அதே லிட்டர் முழுதும் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது இன்டர்கூலர் மேல் வழிந்து சாலையில் சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் வீண். ஆவியாகும் தண்ணீர்தான் சூட்டைக் கொண்டுபோகிறது. சட்டென்று ஆவியாக வேண்டுமானால் துளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் இந்த வரலாற்றில் நான் மோட்டாரைவிட நாசிலுக்கே அதிக மரியாதை தருவேன்.

அந்த நாசில் வயலில் பிறந்தது. 1880 வாக்கில், பருத்தியை அழித்துக்கொண்டிருந்த புழுவை ஆராய்ந்த சார்ல்ஸ் ரைலியின் குழு, இலையின் அடிப்பக்கத்தையும் மருந்து எட்டும்படி ஒரு சிறு நாசிலை உருவாக்கியது. நீர் ஒரு வட்ட அறைக்குள் ஓரமாக நுழைந்து, சுழன்று, நடுத்துளை வழியே கூம்பாகச் சிதறும். அதே காலத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் சீரழித்தது. போர்தோ அருகே மெதோக்கில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து வைப்பது வழக்கம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பது பேராசிரியர் மில்லார்டேயின் கண்ணில் பட்டது; அதை அவர் 1885இல் வெளியிட்டார். திருடனை விரட்ட அடித்தது பயிருக்கு மருந்தானது. நம் விவசாயிகள் இன்றும் அடிக்கும் போர்டோ கலவை அதுதான்.

மருந்து கிடைத்தது, அடிப்பதற்குக் கருவி? வில்ஃபிராஞ்ச் ஊரின் விக்டர் வெர்மோரல் அமெரிக்க நாசிலை எடுத்துத் திருத்தி, முதுகில் மாட்டும் தெளிப்பானில் பொருத்தி விற்றார். நாசிலுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று நர்சரியில் வாங்கும் தூறல் நாசில்கள் பலவற்றுக்குள் அதே சுழலறை இருக்கிறது.

டர்போவின் கதை தனியே ஓடிக்கொண்டிருந்தது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை கோரினார். 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ், கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு லிபர்ட்டி விமான என்ஜினை ஏற்றிச் சென்று, மெலிந்த காற்றில் சோர்ந்த அதன் திறனை டர்போவால் மீட்டுக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது இன்டர்கூலரும் விமானங்களில் ஏறிவிட்டது. போர் முடிந்ததும் மஸ்டாங் போர் விமானங்கள் தனியார் கைக்கு வந்தன. 1964 முதல் நெவாடாவின் ரீனோவில் அவை பந்தயம் பறந்தன. காற்றுத் தடையைக் குறைக்க ரேடியேட்டரின் வாயைச் சுருக்கினார்கள். அதனால் ஏறும் சூட்டுக்கு ரேடியேட்டர் முன்பு துளையிட்ட குழாய் வைத்துத் தண்ணீர் தெளித்தபடி பறந்தார்கள். கார் ஷெட்டின் தூறலுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்.

தண்ணீர்த் தொட்டி ஒருமுறை கெட்ட பெயரும் வாங்கியது. ஃபார்முலா 1 கார் பந்தயமான 1982 பிரேசில் கிராண்ட் பிரீயில், டர்போ இல்லாத சில அணிகள் பிரேக்கைக் குளிர்விப்பதாகச் சொல்லித் தொட்டியோடு வந்தன. ஓட்டத்தில் தண்ணீர் வெளியேறிக் கார் விதித்த எடைக்கும் கீழே இலேசாகும். எடை பார்க்கும் முன் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். முதலிரண்டு இடம் பிடித்த பிக்கேயும் ரோஸ்பர்க்கும் பின்னர் தகுதி இழக்க, வெற்றி டர்போ ரெனோ ஓட்டிய அலென் புரோஸ்டுக்குப் போனது.

ரேலிப் பந்தயத்தில் தெளிப்பு ஒழுங்கான வேலைக்கு வந்தது. 1987 முதல் உலகத் தொடரில் முதன்மை பெற்ற குரூப் ஏ விதிப்படி, பொதுமக்களுக்கு ஆயிரக்கணக்கில் தயாரித்த காரையே ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் ரேலிக்குத் தேவையானவை ஷோரூமுக்கும் வந்தன. சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐயின் இன்டர்கூலர் என்ஜினுக்கு நேர் மேலே உட்கார்ந்து கீழிருந்து வரும் அனலையும் வாங்கும். டாஷ்போர்டில் பட்டனை அழுத்தினால் அதன் மேல் தண்ணீர் விழும். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனிலும் இத்தகைய பட்டன் வந்தது.

பட்டன் இல்லாத காரை வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். முதலில் கையால் அழுத்தும் சுவிட்ச். பிறகு டர்போ அழுத்தம் ஏறினால் தானே இயங்கும் சுவிட்ச். பிறகு இன்டர்கூலரின் சூட்டைப் பார்த்து முடிவெடுக்கும் சிறு சர்க்யூட். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இது கொடுக்கும் பலனைச் சென்னையின் புழுக்கத்தில் எதிர்பார்க்க முடியாது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய இதழ்களில் வெள்ளைப் படிவு கட்டி, குளிர்விக்க வந்ததே காற்றை மறிக்கும்.

அதனால் சிலர் கார் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்கிறார்கள். அதில் உப்பு இல்லை. பயணிகள் விமானங்களில் இதே ஏற்பாடு ஏற்கெனவே உண்டு: ஏசி அமைப்பு காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நீரை, தன் வெப்பமாற்றிக்குள் நுழையும் வெளிக்காற்றிலேயே அது தெளித்துக்கொள்கிறது.