அற்வூட்டின் கப்பி

ஒப்பமான கப்பியொன்றின் மேலாகச் செல்லும் இலேசான நீளா இழையின் இரு நுனிகளிலும் இரு திணிவுகள் தொங்குகின்றன. தொகுதி ஓய்விலிருந்து விடப்படின், திணிவுகளின் ஆர்முடுகலையும் இழையின் இழுவையையும் காண்க. இவ்வினாவைச் சந்தியாமல் பௌதிகம் கற்று முடித்த மாணவன் அரியன். ஆயினும், அவ்வினாவில் வரும் கப்பி பரீட்சகரின் கற்பனையிற் பிறந்ததன்று என்பதை அறிந்தோர் சிலரே. ஆளுயரத்துக்கு மேல் நின்ற ஒரு மெய்யான பொறியின் நிழலே அவ்வினா.

கப்பி மிகப் பழையது. பாரமேற்றிய கப்பலொன்றை ஆக்கிமிடீஸ் கப்பித் தொகுதியொன்றின் துணையாற் கரையில் தனியே இழுத்தார் எனப் புளூட்டாக் எழுதிவைத்தார். அக்கதை எவ்வாறாயினும், பண்டையோர் கப்பியிடம் கேட்ட கேள்வி ஒன்றே: சிறிய விசை பெரிய பாரத்தைத் தாங்குவது எங்ஙனம்? அது சமநிலை பற்றிய கேள்வி. அசையாத பாரத்தைத் தாங்கும் கயிற்றின் இழுவை அப்பாரத்தின் நிறைக்குச் சமம். அதிற் சிக்கல் ஏதுமில்லை. பாரம் விரைந்து கீழிறங்கும்போது கயிறு எவ்வளவு இழுபடுகின்றது என்று அவர்கள் கேட்கவில்லை.

அதனைக் கேட்பதற்கு முன், விழுதல் என்பதை அளக்க வேண்டியிருந்தது. தடையின்றி விழும் பொருள் முதற் செக்கனிலேயே ஏறத்தாழ 16 அடி சென்றுவிடும். கண்ணும் அக்காலத்து மணிக்கூடும் அதனைத் தொடரமாட்டா. ஆகவே கலிலியோ, சாய்தளமொன்றிற் குண்டுகளை உருட்டி, வீழ்ச்சியை மெதுவாக்கி, வழிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். அம்முடிபுகள் 1638 இல் நூலாயின. 1687 இல் நியூற்றன் தம் இயக்க விதிகளை வெளியிட்டார். கோள்களும் கடற்பெருக்குகளும் அவ்விதிகளுக்குச் சான்று பகர்ந்தன. ஆனால் விசை இரட்டித்தால் ஆர்முடுகலும் இரட்டிக்கும் என்பதை மேசையருகே நிறுத்தி மாணவனுக்கு அளந்து காட்டத்தக்க நல்ல கருவி, ஏறத்தாழ நூறாண்டுகள் கிட்டவில்லை.

இக்குறை வெறும் கற்பித்தற் குறையன்று. இயங்கும் பொருளின் விசையை அளப்பது எதனால் என்பதில் ஐரோப்பிய அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். திணிவை வேகத்தாற் பெருக்குக என்றனர் ஒரு சாரார். வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்குக என்றனர் லைப்னிற்ஸின் வழிவந்தோர். களிமண்ணிற் குண்டுகளை விழுத்தி, அவை பதிந்த ஆழத்தைக் காட்டிப் பின்னையோர் வாதித்தனர்.

இவ்வேளையிற் கேம்பிறிட்ச் திரினிற்றிக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தி வந்தவர் ஜோர்ஜ் அற்வூட் (1745–1807). பின்னர்ப் பிரதமரான இளைய வில்லியம் பிற் அவர் விரிவுரைகளைக் கேட்டவருள் ஒருவர். 1784 இல் சுங்கப் பகுதியிற் பதவியொன்றை அவருக்கு அளித்தவரும் அவரே. ஆசிரியரை மறவாத பிரதமர்கள் பலர் இலர். பொறியை விளக்கும் அற்வூட்டின் பெருநூலும் அதே 1784 இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1780 இல், இலண்டனில் வாழ்ந்த போர்த்துக்கேய அறிஞரொருவர் வோல்ற்றாவுக்கு எழுதிய கடிதவடிவ நூலொன்றின் வாயிலாகப் பொறியின் புகழ் கடல்கடந்து சென்றிருந்தது.

பொறியின் அமைப்பு எளிது. உயர்ந்த தூணின் உச்சியிற் பித்தளைச் சில்லொன்று. அதன்மேல் மெல்லிய பட்டு இழை. இரு நுனிகளிலும் சம திணிவுகள். ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய மேலதிகச் சட்டம். அருகே அங்குலக் கோடிட்ட அளவுகோலும் செக்கனை ஒலிக்கும் ஊசல் மணிக்கூடும். கீழிறங்கும் வழியிலுள்ள வளையமொன்று நீண்ட சட்டத்தைத் தடுத்து எடுத்துவிட, எஞ்சிய சம திணிவுகள் அதன்பின் சீரான வேகத்துடன் செல்லும். நியூற்றனின் முதல் விதி அங்கே கண்ணாற் காணப்பட்டது. பெருஞ்சில்லின் அச்சு நேரே தாங்கியில் உராயாமல் வேறு நான்கு சிறு சில்லுகளின்மேற் கிடந்து சுழன்றது. ‘ஒப்பமான’ என்று இன்றைய வினாவில் எழுதப்படும் ஒரு சொல்லை விலைகொடுத்து வாங்கியவை அந்நான்கு சில்லுகளே. பெருஞ்சில்லும் சுழற்றப்பட வேண்டியதாதலால், அதன் சடத்துவத்துக்கு ஈடான திணிவையும் அற்வூட் கணக்கிற் சேர்த்தார். பாடநூல்கள் அதனைப் புறக்கணிக்கின்றன. புறக்கணிப்பதனாலேயே இழையின் இழுவை இருபுறமும் சமமென அவற்றாற் கொள்ள முடிகின்றது.

இனி, கணக்கு. ஒருபுறம் 33 அவுன்சும் மறுபுறம் 31 அவுன்சும் தொங்குவதாகக் கொள்வோம். இயக்கும் விசை 2 அவுன்சின் நிறை மட்டுமே. இயங்கவேண்டிய திணிவோ 64 அவுன்ஸ். ஆகவே ஆர்முடுகல், தடையின்றி விழும் பொருளின் ஆர்முடுகலில் 32 இல் ஒரு பங்கு. அஃதாவது செக்கனுக்குச் செக்கன் 1 அடி. முதற் செக்கனின் முடிவில் 6 அங்குலம், இரண்டாவதன் முடிவில் 24, மூன்றாவதன் முடிவில் 54. சிறுவனும் இதனைக் கண்ணால் எண்ணலாம்.

இழுவையிலேதான் மாணவர் வழுக்குகின்றனர். 33 என்பர் சிலர். அவ்வாறாயின் பாரமான திணிவு இறங்கத் தொடங்கவே மாட்டாது. 31 என்பர் வேறு சிலர். அவ்வாறாயின் இலேசானது ஏறத் தொடங்காது. ஒவ்வொரு திணிவையும் தனியே எடுத்து நோக்குக. 33 அவுன்ஸ் திணிவுக்கு அவ்வார்முடுகலைத் தரத் தேவையான விசை 33/32 அவுன்ஸ் நிறை. அதனைக் கழிக்க எஞ்சுவது 31 31/32. மறுபுறம் 31 உடன் 31/32 ஐக் கூட்ட, வருவதும் அதுவே. இரு வழியும் ஒரே விடையிற் சந்திக்கும் இவ்விடம், இயக்கவியலில் மாணவன் முதன்முறை மகிழவேண்டிய இடம்.

அற்வூட் எதிர்க்கட்சியின் வாதங்களை மறுக்கவும் இப்பொறியைக் கொண்டார். ஆயின் இன்று நோக்கின், வர்க்கக் கட்சியாரின் அளவைக்கும் இப்பொறி அதே அளவு இசைந்து நிற்கின்றது. சக்திக் காப்பு விதியாற் கணித்தாலும் அதே ஆர்முடுகலே வரும். இரு சாராரும் வெவ்வேறு கணியங்களுக்கு ‘விசை’ என்னும் ஒரே பெயரை இட்டுப் பொருதனர்.

இழுவையைப் பற்றிய விடையைத் தராசிலிட்டுக் காட்டியவர் செருமானியப் பௌதிகவியலாளர் பொக்கென்டோர்ப். 1853 ஆம் ஆண்டளவில் அவர் இத்தகைய கப்பியைத் தராசுக் கோலின் ஒரு புயத்திற் பொருத்தி, பாரமான திணிவை நூலாற் கட்டி அசையாது நிறுத்தி, மறுபுயத்திற் படிக்கற்களிட்டுச் சமன்செய்தார். 3 இறாத்தலும் 1 இறாத்தலும் தொங்கினால், கட்டியிருக்கும்வரை கப்பி தாங்கும் பாரம் 4 இறாத்தல். திணிவுகள் இயங்கும்போதோ இழுவை ஒன்றரை இறாத்தல். இருபுறமும் சேர்ந்து கப்பியை அழுத்துவது 3 இறாத்தலே. தராசிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை, எதுவும் இடப்படவுமில்லை. கட்டியிருந்த நூல் சுடரில் எரிந்து அறுந்தது, திணிவுகள் இயங்கின, கப்பியிருந்த புயம் மேலெழுந்தது.